நீலப் புரவியின் நியாயம்

கரிசல் காட்டு மனிதருடைய கண்ணுக்கு விலங்கின் நிறம் என்பது வெறும் அலங்காரமன்று. இனம், விலை, வயது, குணம் ஆகிய அனைத்தையும் ஒருசேரச் சொல்லிவிடும் சாசனம் அது. பனவடலிசத்திரத்திலிருந்து வடக்கே சங்கரன்கோவில் வரைக்கும், தெற்கே தேவர்குளம் வரைக்கும் பரந்து கிடக்கும் மானாவாரி நிலங்களில் ஆடுமாடுகளோடு பிறந்து அவற்றோடேயே மூத்தவர்கள், காரி என்றும் செவலை என்றும் மயிலை என்றும் மறை என்றும் மாட்டின் மேனியை வகைப்படுத்திப் பேசும்போது, நகரத்து ஓவியர்கள் தம் வர்ணப் பலகையில் பிரித்துக் காணாத நுட்பமான பேதங்களையும் பிரித்துக் காண்கிறார்கள். கரும்பழுப்பு மேனியும் தலையிலும் வயிற்றிலும் காலிலும் கருமையும் கொண்ட கீழக்கரிசல் ஆட்டையும், வெண்மேனியில் செந்திட்டுகள் சிதறிய வேம்பூர் ஆட்டையும், அந்தி வேளைப் புழுதிக்குள் மந்தை திரும்பிக்கொண்டிருக்கும்போதே அடையாளம் சொல்லிவிடும் பயிற்சி அவர்களுக்கு இயல்பாக வாய்த்திருக்கிறது.

இத்தகைய கூர்த்த கண் படைத்தவர்களே தை மாதத்து மாட்டுப் பொங்கலன்று, கொம்பைச் சீவி வழவழப்பாக்கி, ஒன்றுக்குச் சிவப்பும் மற்றொன்றுக்குப் பச்சையும், சில வீடுகளில் தாங்கள் சார்ந்த கட்சிக் கொடியின் வர்ணங்களையும் பூசி மகிழ்கிறார்கள் என்பதும், கோயில் முகப்பிலே நீலமாகவோ பச்சையாகவோ நிற்கும் குதிரையைக் கண்டு ஒருபோதும் வியப்படைவதில்லை என்பதும் ஆழ்ந்து சிந்திக்கத்தக்க விஷயங்கள். ஆனால் அதே மனிதர், சென்னையிலே ஒரு சித்திரக் கண்காட்சிக்குள் அழைத்துச் செல்லப்பட்டு, அங்கே ஒரு நீலக் குதிரையின் முன்போ செந்நிறப் பூனையின் முன்போ நிறுத்தப்பட்டால், "இப்படியும் ஒரு பிராணி உண்டா?" என்று உடனே கேட்டுவிடுகிறார். கோயில் வாசலில் எழாத இந்தக் கேள்வி கண்காட்சி மண்டபத்தில் மட்டும் எழுவானேன் என்பதே இக்கட்டுரை ஆராய விரும்பும் பொருள். நவீன ஓவியர் விலங்குக்குத் தரும் வர்ணச் சுதந்திரம் நம் மக்களுக்கு அந்நியமானதன்று. அந்த வர்ணத்தின் பின்னே ஒருகாலத்தில் நின்ற பொதுச் சம்மதம்தான் விலகிப் போயிருக்கிறது என்பது என் கருத்து.

முதலில் அந்தப் பொதுச் சம்மதம் எத்தகையது என்று பார்ப்போம். சிவபெருமானின் நந்தி வெண்மை, இந்திரனின் ஐராவதம் வெண்மை, எமதருமனின் எருமை கருமை என்பன யாரோ ஓர் ஓவியரின் விருப்பத்தால் விளைந்தவை அல்ல. புராணமும் ஆகமமும் கதாகாலட்சேபமும் பாட்டிமாரின் வாய்மொழியும் சேர்ந்து தலைமுறை தலைமுறையாக உறுதிப்படுத்திய நிர்ணயங்கள் அவை. மதுரைச் சித்திரைத் திருவிழாவிலே கள்ளழகர் தங்கக் குதிரை மீது ஆரோகணித்து வைகையில் இறங்கும்போது, அவர் உடுத்திவரும் பட்டின் நிறத்தை நோக்கி லட்சக்கணக்கான கண்கள் காத்திருக்கின்றன. பச்சையானால் அவ்வாண்டு பயிர் செழிக்கும் என்று உள்ளம் குளிர்கிறார்கள், சிவப்பானால் சற்றே கலங்குகிறார்கள். ஒரு வர்ணத்தைக் கண்டவுடன் அடுத்த பருவத்து மழையையும் விளைச்சலையும் நினைக்கக்கூடிய ஒரு ஜனசமூகத்துக்கு, வர்ணம் பொருள் பேசும் என்ற பாடத்தை எந்த ஓவியப் பள்ளியும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

சங்கரன்கோவில் ஆலயத்தில் இதற்கு நேர்மாறான ஒரு நிலையையும் காண்கிறோம். சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று வாதிட்ட சங்கன், பதுமன் என்னும் நாகராஜர்களின் கதையோடும், கோமதியம்மனின் ஆடித் தபசோடும் இணைந்த அந்தத் தலத்திலே, பாம்பு, தேள் முதலிய விஷ ஜந்துக்களின் பயம் நீங்க வேண்டிக்கொள்பவர்கள் அவற்றின் உருவங்களைத் தகட்டிலே செய்து காணிக்கையாகச் செலுத்துகிறார்கள். அந்த உருவங்களுக்கு வர்ணமே கிடையாது. உலோகத்தின் இயற்கையான பளபளப்பு ஒன்றுதான். அச்சம் மேலோங்கி நிற்கும் இடத்தில் உருவமே போதுமானதாகிவிடுகிறது. அன்பும் அதிகாரமும் வேண்டுதலும் கலந்து நிற்கும் இடத்திலேதான் வர்ணம் வந்து சேர்கிறது என்று இதைக் கொண்டு நான் ஊகிக்கிறேன்.

அந்த வர்ணம் மிகுதியாக வந்து சேர்ந்த விலங்கு, கோயில் குதிரை. சிவகங்கை, புதுக்கோட்டைச் சீமைகளில் ஊரார் கூடிப் பிடிமண் எடுத்துக் கொடுக்க, வேளார் அந்த மண்ணையும் சேர்த்துப் பிசைந்து குதிரை வனைந்து, சூளையிலே சுட்டு, வர்ணம் தீட்டிக் கண் திறந்த பிறகு, புரவி எடுப்பு என்னும் விழாவாக அது ஐயனார் சந்நிதிக்குச் சுமந்து செல்லப்படுகிறது. நெல்லைச் சீமையில் குடும்பங்கள் பங்குனி உத்திரத்தன்று தத்தம் குலதெய்வமான சாஸ்தாவைத் தேடிச் செல்லும் கோயில்கள் பலவற்றில் மண் குதிரைகளின் இடத்தைச் சுதைக் குதிரைகளும் சிமெண்டுக் குதிரைகளும் பிடித்துக்கொண்டுவிட்டன. இவை எல்லாம் தெய்வம் இரவிலே ஊரை வலம்வந்து காப்பதற்கு ஏறிச் செல்லும் புரவிகள் என்பது நம்பிக்கை. ஆகவே அவை வண்டியிழுக்கும் குதிரையின் சாயலில் இருக்க வேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. பகலில் மேயும் குதிரைக்குத்தான் பழுப்பும் சாம்பலும் பொருந்தும். இருளிலே காவல் புரியும் குதிரைக்கு நீலமும் வெண்மையும் செம்மையும் பொருந்தும் என்ற தர்க்கம், சொல்லப்படாமலே அங்கே நிலைபெற்றிருக்கிறது.

இத்தகைய பழைய சுதைக் குதிரை ஒன்றின் முன்னங்காலை அருகில் குந்தி உற்று நோக்கினால் ஒரு சரித்திரமே தெரியும். மேலே, சென்ற கொடை விழாவுக்குப் பூசிய எனாமல் பெயிண்டின் மினுமினுப்பான நீலம். அது செதிள் செதிளாகப் பெயர்ந்த இடத்தில் அதற்கு முந்திய பச்சை. அதன் கீழே, கையால் தொட்டால் மாவாக உதிரும் சுண்ணாம்பு வெள்ளை, அதிலேயே லேசாக நீலப்பொடி கலந்த சாயல். எல்லாவற்றுக்கும் அடியில், சுதையின் நிறத்தோடு ஏறக்குறைய ஒன்றிவிட்ட காவி. சேணத்தின் ஓரத்திலும் கழுத்து மணிகளின் இடுக்கிலும் மட்டும் பழைய வர்ணங்கள் முழுமையாகப் பிழைத்திருக்கும், ஏனெனில் அங்கே சுரண்டுகிறவரின் கத்தி நுழைவதில்லை. காவி, சுண்ணாம்பு, கரி, மஞ்சள் என நிலமும் அடுப்பும் தந்த நான்கைந்து வர்ணங்களோடு நின்றிருந்த கிராமத்துக் கலைஞர், ஒரு காலகட்டத்தில் நீலத்தை அள்ளிப் பூசத் தொடங்கியதற்குப் பக்தி மட்டும் காரணமன்று, ரசாயனமும் காரணம். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் நகரத்தில் தற்செயலாகப் பிறந்த பிரஷ்ய நீலமும், 1820-களின் பிற்பகுதியில் பிரான்சில் செயற்கையாகத் தயாரிக்கப்பட்ட அல்ட்ராமரின் நீலமும் உலகெங்கும் நீலத்தை மலிவாக்கின. முன்னே ஆப்கானிஸ்தானத்துக் கல்லை அரைத்தும் அவுரியைக் காய்ச்சியும் பெற வேண்டியிருந்த ஒரு நிறம், வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்போடு கலக்கும் பொட்டலமாகப் பலசரக்குக் கடையில் வந்து தொங்கியது. பின்னே நாம் பேசப்போகும் ஜெர்மானிய ஓவியரின் நீலக் குதிரைகளும் நம் ஊர்க் கோயில் வாசலின் நீலக் குதிரைகளும் ஒன்றையொன்று கண்டதில்லை என்றாலும், இரண்டும் ஐரோப்பிய ரசாயனம் உலகுக்குத் திறந்துவிட்ட அந்த ஒரே நீலப் பெருக்கில் நனைந்தவை.

அரசரும் ஜமீன்தாரும் ஆதரித்த சுவரோவியங்களில் விலங்குகளின் வர்ணம் வேறு வழியில் சென்றது. குற்றாலத்துச் சித்திர சபையிலும், அம்பாசமுத்திரம் பக்கத்துத் திருப்புடைமருதூர்க் கோபுரத்தின் உள்நிலைகளிலும், யானை, குதிரை, யாளி ஆகியவை கதையின் அங்கமாக நெருங்கி நிற்கின்றன. திருப்புடைமருதூரில் மரக்கலத்திலே குதிரைகள் வந்திறங்கும் காட்சியைக் கண்டவர்கள், அக்காலத்து வணிக சரித்திரத்துக்கே அது ஒரு சான்று என்பதை உணர்வார்கள். அங்கே வர்ணம் பாத்திரங்களைப் பிரித்துக் காட்டுகிறதே அன்றி விலங்கின் உள்ளத்தைத் திறந்து காட்டுவதில்லை. ஆகவே அதனை இங்கே விரித்துரைக்காமல் கோவில்பட்டிக்கு வருகிறேன்.

கோவில்பட்டியை நம் வட்டாரத்தின் ஓவியத் தலைநகர் என்று சொன்னால் மிகையாகாது. 1898-இல் மயிலாப்பூரில் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் சில காலம் தங்கி, பிறகு நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதும் ஓவியராகச் சுற்றி, 1940-களில் கோவில்பட்டியிலே நிலைகொண்டவர் கொண்டையராஜு. 1976-இல் அவர் மறையும் வரையில் அவரைச் சுற்றி உருவான சீடர் வட்டம், டி. எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம், செண்பகராமன் முதலியோரின் கைவண்ணம், அருகிலுள்ள சிவகாசி அச்சகங்களின் வழியே காலண்டராகப் பெருகித் தமிழ்நாட்டின் பூஜை அறைகளிலும் தேநீர்க் கடைகளிலும் நெல் மண்டிகளிலும் நிறைந்தது. முருகனுக்கு மயில், கஜலட்சுமிக்கு இருபுறமும் யானை, கண்ணனுக்குப் பசு என அவர்கள் எழுதிய விலங்குகளைப் பற்றி விமர்சகர்கள் அதிகம் பேசியதில்லை. அது பெருங்குறை.

ஏனெனில் அவ்விலங்குகளில் வர்ணம் இரு திசைகளில் ஒரே சமயத்தில் வேலை செய்கிறது. ஒருபுறம், சென்னைப் பள்ளியில் கற்ற மேல்நாட்டு முறைப்படி ஒளியும் நிழலும் படிப்படியாக இறங்கிப் பசுவின் விலாவை உருண்டதாகவும் மயிலின் கழுத்தை வழுக்குவதாகவும் காட்டுகின்றன. மறுபுறம், நாடகத் திரைச்சீலையிலிருந்து வந்த அந்த ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த வானமும், எங்கிருந்து வருகிறதென்று சொல்ல முடியாத ஒளியும், அந்தப் பசு எந்தத் தொழுவத்துப் பசுவும் அல்ல என்று அறிவித்துவிடுகின்றன. தொட்டுப் பார்க்கத்தக்க மெய்ம்மையும், தொடவே முடியாத திவ்வியத்தன்மையும் ஒரே மேனியில் கூடுவதனால்தான், அப்படத்தை வாங்கிய குடியானவர் அதற்குக் குங்குமம் வைத்தார். காலண்டர்ச் சித்திரம் என்று ஏளனம் செய்த நகரத்து ரசிகர்கள், விலங்கின் நிறம் பக்தியைச் சுமக்க முடியும் என்பதை லட்சோபலட்சம் வீடுகளில் நிரூபித்தவர்கள் இவர்களே என்பதை மறந்துவிட்டார்கள். ஆயினும் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும்: அப்படங்களில் விலங்கு மெலிந்த குணம் படைத்ததாகிவிட்டது. முருகனின் மயில் பாம்பை மிதித்துக்கொண்டிருந்தாலும் அதன் கண்ணில் மூர்க்கமில்லை, யானைக்கு எடையில்லை. விலங்குக்கே உரிய அந்நியத்தன்மையை, நமக்கு எட்டாத அதன் தனி ஜீவிதத்தை, அந்த இனிமையான வர்ணங்கள் மூடிவிட்டன.

இதே காலத்தில் இதே வட்டாரத்தில் மற்றொரு விலங்குலகமும் வர்ணத்தில் மலர்ந்திருந்தது. கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923-இல் சிவகாசியில் தொடங்கிய தொழில், கோவில்பட்டி, சாத்தூர் என்று பரவியபோது, எழுத்தறியாத வாங்குவோருக்காகச் சிங்கமும் மானும் கிளியும் குதிரையும் தீப்பெட்டியின் மேல் ஒட்டுச்சீட்டில் வந்து அமர்ந்தன. பட்டாசுக் கட்டுகளில் அணிலும் சேவலும் அடையாளங்களாயின. இரண்டு அல்லது மூன்று மை மட்டுமே அனுமதிக்கும் சிக்கனம், அந்தச் சிறு சித்திரங்களை ஓர் அபூர்வமான துணிவுக்குத் தள்ளியது: மஞ்சள் பின்புலத்தில் முழுச் சிவப்பான சேவல், நிழலே இல்லாத பச்சைக் கிளி. பிற்காலத்து நவீன ஓவியர்கள் சித்தாந்தமாக ஏற்ற தட்டையான தூய வர்ணத்தை, சிவகாசியின் அச்சுத் தொழிலாளர்கள் செலவைக் குறைக்கும் பொருட்டு எட்டிவிட்டார்கள்.

இப்போது ஐரோப்பாவுக்குச் செல்வோம். 1880-இல் மியூனிக் நகரத்தில் பிறந்த ஃப்ரான்ஸ் மார்க், விலங்கை எழுதிய ஓவியர்களில் வர்ணத்தைப் பற்றி மிகுந்த பிடிவாதத்தோடு சிந்தித்தவர். இறையியல் படிக்க எண்ணி, பின் ஓவியத்துக்குத் திரும்பிய அவர், மனிதரிடத்தில் தாம் காணாத தூய்மையை விலங்கிடத்தில் தேடினார். குதிரை தன்னைச் சுற்றியுள்ள உலகத்தை எப்படிக் காண்கிறது, மான் எப்படி உணர்கிறது என்பதையே எழுத வேண்டும், மனிதக் கண்ணுக்கு அவை எப்படித் தெரிகின்றன என்பதை அன்று என்ற கருத்து அவரை ஆட்கொண்டது. 1910 டிசம்பரில் தம் நண்பர் ஆகஸ்ட் மாக்கேவுக்கு எழுதிய கடிதத்திலே, நீலத்தை ஆண்மையும் ஆன்மிகமும் சார்ந்ததாகவும், மஞ்சளை மென்மையும் களிப்பும் நிறைந்த பெண்மையாகவும், சிவப்பை ஜடப்பொருளின் கனமும் முரட்டுத்தனமும் உடையதாகவும், மற்ற இரண்டும் எதிர்த்து வெல்ல வேண்டியதாகவும் அவர் வகுத்துக்கொண்டார். அடுத்த ஆண்டிலேயே நீலக் குதிரைகளும், துள்ளிப் பாயும் மஞ்சள் பசுவும் பிறந்தன. அந்தப் பசுவின் மஞ்சள் மேனியிலே நீலத் திட்டுகள் படிந்திருப்பதைக் காண்பவர், அவர் தம் இலக்கணத்தை எவ்வளவு சிரத்தையோடு அனுஷ்டித்தார் என்று உணர்வர். 1912-இல் ஓவியர் காண்டின்ஸ்கியோடு சேர்ந்து நீலக் குதிரைவீரன் என்று பொருள்படும் பெயர்கொண்ட தொகுப்பை அவர் வெளியிட்டபோது, ஐரோப்பியக் கலைக்கு அருகே நாட்டுப்புறத்து வழிபாட்டுச் சித்திரங்களும் குழந்தைகளின் சித்திரங்களும் சமமாக இடம்பெற்றன.

1913-இல் அவர் எழுதிய 'விலங்குகளின் விதி' என்னும் ஓவியம் இப்போது ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரக் கலைக்கூடத்தில் இருக்கிறது. சாய்ந்து வீழும் மரங்கள் கூரிய கோணங்களாகப் படத்தை வெட்டிச் செல்ல, மேல் இடப்புறத்தில் பச்சைக் குதிரைகள் மிரண்டு திரும்ப, கீழே காட்டுப்பன்றிகள் ஒண்ட, நடுவிலே ஒரு நீல மான் கழுத்தை மேலே உயர்த்தி நிற்கிறது. மற்ற எந்த விலங்கும் அந்த அளவுக்கு வெளிப்பட்டு நிற்கவில்லை. நீலம் அங்கே பலியாகச் செல்லும் தூய்மையின் நிறமாகிறது. மூன்றாண்டுகளுக்குள், 1916 மார்ச் 4 அன்று, வெர்டன் போர்க்களத்தில் குண்டுச் சிதறல் பட்டு மார்க் மாண்டார். பீரங்கிகளை வானத்திலிருந்து காணாதபடி மறைக்கும் பெருந்துணிகளுக்கு வர்ணம் பூசும் பணியும் அவருடைய கடைசி மாதங்களில் அவருக்கு வாய்த்தது என்பது நெஞ்சை உறுத்தும் செய்தி: வர்ணத்தால் உள்ளத்தை வெளிப்படுத்த வந்தவரைக் கொண்டு யுத்தம் வர்ணத்தால் மறைக்கச் செய்தது. அவர் மறைந்த பின் ஒரு கிடங்குத் தீயில் அவ்வோவியத்தின் வலப்புற மூன்றிலொரு பங்கு சேதமடைய, நண்பர் பால் க்ளே அதைச் செப்பனிட்டார். கோடுகளை மீட்டுத் தந்த க்ளே, வர்ணங்களை மட்டும் மார்க்கினுடையவை போல் பாவனை செய்யாமல் பழுப்புச் சாயலில் அடக்கியே விட்டார். ஒருவருடைய வர்ணத்தை மற்றொருவர் திருப்பித் தர முடியாது என்ற அடக்கத்தை அங்கே காண்கிறேன். 'நீலக் குதிரைகளின் கோபுரம்' என்னும் மற்றொரு பேரோவியமோ, 1937-இல் நாஜி அரசு சீர்கெட்ட கலை என்று பழித்துக் காட்சிக்கு வைத்த படங்களுள் ஒன்றாகி, பின் நாஜித் தலைவர் கோரிங்கின் கைக்குப் போய், 1945-க்குப் பிறகு காணாமலே போயிற்று.

மார்க்கின் பெருமையும் குறையும் ஒரே இடத்தில் இருக்கின்றன. அவர் தமக்கென ஒரு வர்ண ஆகமத்தையே சிருஷ்டித்தார். ஆனால் அந்த ஆகமத்துக்கு அவர் ஒருவரே அர்ச்சகர். நம் ஊரில் பச்சைப் பட்டைக் கண்டவுடன் மழையை நினைக்க எவருக்கும் கடிதம் எழுத வேண்டியதில்லை; அவருடைய மஞ்சளின் பொருளை அறியவோ அவருடைய கடிதத்தைப் படிக்க வேண்டியிருக்கிறது. ஆயினும் கடிதத்தை அறியாதவரும் அந்த நீலக் குதிரைகளின் முன் அமைதியடைகிறார்கள் என்பதே அவர் வெற்றியின் அளவு.

இந்திய நவீன ஓவியர்களோ இந்த இரண்டு நிலைகளுக்கும் இடையே, சம்பிரதாயத்தின் ஒரு விளிம்பைப் பற்றிக்கொண்டே தனிமனித வர்ணத்தைத் தேடினார்கள். எம். எஃப். ஹுசேனின் குதிரைகள் பிரசித்தமானவை. 1950-களின் தொடக்கத்தில் சீனாவில் அவர் கண்ட பழைய மண் குதிரைகளும், சிறுவயதில் முஹர்ரம் ஊர்வலத்தில் கண்ட துல்துல் குதிரையும் அவற்றுள் கலந்திருக்கின்றன. அவருடைய குதிரைக்கும் மூலம் வழிபாட்டுக் குதிரையே என்பதை மட்டும் குறித்துக்கொண்டு அப்பால் செல்கிறேன். லண்டனில் துணியச்சு முறையாகிய சில்க் ஸ்கிரீன் தொழிலில் பயிற்சி பெற்றுத் திரும்பிய மன்ஜித் பாவா, நிழலற்ற தூய மஞ்சளிலும் செம்மையிலும் ஊதாவிலும், எலும்பே இல்லாதவை போல் வளையும் ஆடுகளையும் நாய்களையும் சிங்கங்களையும் மிதக்கவிட்டார். சிவகாசி ஒட்டுச்சீட்டின் சகோதரர் என்று அவரை அழைக்கத் தோன்றுகிறது. தையப் மேத்தாவோ இனிமையின் பக்கமே திரும்பாதவர். கட்டுண்டு வீழ்ந்த காளையை அவர் வாழ்நாள் முழுதும் திரும்பத் திரும்ப எழுதினார். 1970-இல் பம்பாய் பாந்த்ரா கசாப்புக்கூடத்தில் படமாக்கிய 'கூடல்' என்ற குறும்படத்திலும் அதே வேதனையையே தேடினார். அவருடைய திரைகளில் அகன்று தட்டையாகப் பரவிய வர்ணங்கள் ஒன்றையொன்று சந்திக்கும் ஓரங்கள் வெட்டுக்காயம் போல் கூர்மையானவை. காளையின் உடலை உருட்டிக் காட்டும் நிழல் ஒன்றுகூட இல்லாமலே அதன் வலி நமக்கு எட்டுகிறது.

எனக்கு மிக நெருக்கமானவர் ஜெகதீஷ் சுவாமிநாதன். 1928-இல் சிம்லாவில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, அரசியலிலும் பத்திரிகையிலும் உழன்று, பிறகு ஓவியத்துக்கு வந்தவர் அவர். 1960-களின் பிற்பகுதியிலிருந்து அவர் எழுதிய பறவை, மரம், மலைச் சித்திரங்களில், விளிம்பிலிருந்து விளிம்பு வரை ஒரே மஞ்சளோ ஆரஞ்சோ நிரம்பிய வெளியிலே, ஒரு மலைத்துண்டு ஆதாரமின்றி அந்தரத்தில் நிற்க, அதன் அருகே ஒரு சிறு பறவை எந்தப் பரபரப்பும் இன்றி அமர்ந்திருக்கிறது. இங்கே பறவையின் மேனி நிறத்துக்கு முக்கியத்துவமே இல்லை. அது அமர்ந்திருக்கும் வெளியின் நிறமே அதன் குணமாகிவிடுகிறது. விலங்கின் மேனியில் வர்ணத்தை ஏற்றுவதற்குப் பதிலாக, வர்ணத்தினுள் விலங்கை வசிக்கவிட்ட இந்த மாற்றம் விலங்கோவியத்தில் நேர்ந்த மிகப் பெரிய மாற்றங்களுள் ஒன்று என்று துணிந்து சொல்வேன். மலை எடையை இழந்த அந்த இடத்தில் பறவைக்கு மட்டும் எடை இருக்கிறது. அந்த மஞ்சளைச் சாம்பலாக மாற்றினால் மலை விழுந்துவிடும், பறவையும் பறந்துவிடும்.

இதே சுவாமிநாதன், 1982-இல் போபாலில் திறக்கப்பட்ட பாரத் பவனின் கலைக்கூடத்துக்குப் பொறுப்பேற்றபோது, கிராமம் கிராமமாகச் சென்ற தம் குழுவினரின் வழியே பாட்டன்கட் என்னும் கோண்டு கிராமத்து இளைஞர் ஜன்கட் சிங் ஷியாமைக் கண்டெடுத்தார். மண்சுவரில் எழுதிக்கொண்டிருந்த அந்த இளைஞர் காகிதத்தையும் போஸ்டர் வர்ணத்தையும் முதன்முதலாகக் கையில் வாங்கிய சில ஆண்டுகளுக்குள், புள்ளிகளாலும் நுண்கோடுகளாலும் மேனி துடிக்கும் மான்களும் புலிகளும் பறவைகளும் உலகக் கலைக்கூடங்களை அடைந்தன. தம் குலத்தாரின் தெய்வங்களையும் காட்டையும் கடைப்பொட்டலத்து வர்ணத்தில் எழுதிய அவரிடம், சம்பிரதாயமும் நவீனமும் என்ற பிரிவினையே அர்த்தமிழந்தது. 2001-இல் ஜப்பானில், சொந்த மண்ணுக்கு வெகுதொலைவில், அவர் உயிர்நீத்தது இந்தியக் கலையின் பெருந்துயரங்களுள் ஒன்று.

சென்னையைப் பொறுத்தவரை, கே. சி. எஸ். பணிக்கரின் தலைமையில் நாட்டுக்கலையின் கோட்டையும் அலங்காரத்தையும் புதிய கண்ணோடு கண்ட தலைமுறை, 1966-இல் சோழமண்டல ஓவியர் கிராமத்தை அமைத்தது நாம் அறிந்ததே. அந்த மரபில் வந்த ஆர். பி. பாஸ்கரன் பூனையைத் தம் விஷயமாக எடுத்துக்கொண்டார். புராணத்தில் பெரிய இடமோ கோயில் வாசலில் காவலோ பெறாத, வீட்டுக்குள் திருட்டுத்தனமாக நடமாடும் ஒரு பிராணியை, தடித்த கோட்டாலும் அழுத்தமான வர்ணத்தாலும் தெய்வத்தின் நேர்ப்பார்வையோடு நம் முன் உட்கார வைத்தது சாமானியமான காரியமன்று. வாகனமாக இல்லாத விலங்குக்கு வாகனத்தின் கௌரவத்தை வர்ணம் அளித்துவிட்டது.

நவீன ஓவியரின் வர்ணம் வெறும் மனம்போன போக்கு அல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. சிலருடைய விஷயத்தில் அந்தக் குற்றச்சாட்டு நியாயமானதே. பச்சை யானையையும் ஊதாப் பசுவையும் எழுதிவிட்டால் புதுமை வந்துவிடும் என்று நம்பும் படங்கள் ஒவ்வொரு கண்காட்சியிலும் இருக்கின்றன. ஆனால் உண்மையான வர்ணத்தையும் வெறும் வேடிக்கையையும் பிரித்தறிவது கடினமன்று. படத்திலுள்ள விலங்கின் நிறத்தை மனத்துக்குள் மாற்றிப் பாருங்கள். மாற்றிய பிறகும் படம் அப்படியே நின்றால், அந்த நிறம் மேலே பூசியது. மாற்றியவுடன் விலங்கின் நிலையும் பார்வையும் அதைச் சூழ்ந்த வெளியும் சிதைந்துபோனால், அந்த நிறம் உள்ளிருந்து வந்தது. மார்க்கின் நீல மானும், சுவாமிநாதனின் மஞ்சள் வெளியும், தையப் மேத்தாவின் காளையும் இந்தப் பரீட்சையில் தேறுகின்றன. கோயில் குதிரையோ வேறு வகையில் தேறுகிறது: அதன் நிறம் கொடைக்குக் கொடை மாறலாம், ஆனால் ஊராரின் சம்மதமும் வேண்டுதலும் மாறுவதில்லை. அங்கே சமூகம் செய்த வேலையை இங்கே படத்தின் உள்ளமைப்பு தனியே நின்று செய்ய வேண்டியிருக்கிறது. நவீன ஓவியம் பார்வையாளரிடம் அதிக நேரத்தைக் கேட்பதற்கு இதுவே காரணம். அதைப் புரியாமை என்று ஒதுக்குவது, பச்சைப் பட்டைப் படிக்கத் தெரிந்த கண்ணுக்கு நாமே செய்துகொள்ளும் அநீதி.

நம் வட்டாரத்துக் கோயில்களின் திருப்பணிக் குழுவினருக்கும் ஓவியம் பயிலும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பழைய குதிரையையோ காளையையோ புதிதாக வர்ணம் பூசுவதற்குச் சுரண்டுமுன், அதன் மேலுள்ள ஒவ்வோர் அடுக்கையும் புகைப்படம் எடுத்து, எந்தக் கொடைக்கு எந்த வர்ணம், யாருடைய வேண்டுதல், எழுதியவர் யார் என்பதைக் கோயில் கணக்கேட்டிலேயே பதிந்து வையுங்கள். கோவில்பட்டி ஓவியர்கள் கைப்பட எழுதிய மூலப்படங்கள் எவர் வீட்டுப் பரணிலாவது இருந்தால், கரையானுக்கும் பழைய பேப்பர்க் கடைக்கும் போகுமுன் அவற்றை ஓர் அரசு அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்ச் சேருங்கள். சென்னைக்குச் செல்ல நேரும்போது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள சோழமண்டலத்துக் காட்சிக்கூடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு முறை போய்வாருங்கள்.